நில் என்று சொன்னேன்

நாய் வளர்க்கலாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அதை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் என் கணவர். மறைமலைநகரில் அவர் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கு எதிரே ஒரு டீக்கடை இருக்கிறது. மழைக்காலத்தில் அந்தக் கடை பெஞ்சுக்கு அடியில் ஒரு தெருநாய் குட்டி போட்டது. குட்டிகளில் ஒன்றுதான் மிஞ்சியது, தாயையும் காணோம். இவர் அதைச் சாப்பாட்டுப் பையில் போட்டு, கம்பெனி பஸ்ஸில் ஊரப்பாக்கம்வரை மடியில் வைத்துக்கொண்டு வந்து, எங்கள் மாடி வீட்டின் ஹாலில் இறக்கிவிட்டார். இறக்கிய இடத்திலேயே அது மூத்திரம் போனது.

"இன்னா அழகா கீது பாரேன்," என்றார்.

அவர் கொஞ்சினார், நான் துடைத்தேன். அந்த வேலைப் பிரிவினை அதற்குப் பிறகு மாறவே இல்லை.

நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். பாதி நாட்கள் வீட்டிலிருந்தே வேலை. அதனால் நாயைப் பழக்கும் பொறுப்பு யாரும் கேட்காமலே என் தலையில் விழுந்தது. அவருக்கு ஷிஃப்ட். எங்களோடு இருக்கும் மாமியாருக்கு முழங்கால் வலி. செய்யூர்ப் பக்கம் பிறத்தியார் நிலத்தில் நாற்று நட்டும் களை பறித்தும் காலம் முழுக்கக் குனிந்தே வேலை செய்தவர் அவர். வீட்டுக்குள் நாய் என்பதே அவருக்குப் புரியவில்லை. "நாயி தெருவுல இருக்கறது. அத்த இன்னாத்துக்கு வூட்டுக்குள்ள வுட்டுகினு?" என்று முதல் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

கீழே வீட்டுக்காரம்மா. குட்டியின் குரல் கேட்டதுமே படியேறி வந்துவிட்டார். "வளத்துக்கோங்க, வேணான்னு சொல்லல. ஆனா படியில ஒரு சொட்டு பாத்தேன், அப்புறம் நாயும் வேணாம், நீங்களும் வேணாம்."

ஆகவே முதலில் மூத்திரம். காணொளிகளைப் பார்த்து, பால்கனிக் கதவோரம் செய்தித்தாள் விரித்தேன். தூங்கி எழுந்ததும் தூக்கிக்கொண்டு போய் அதன்மேல் விட்டேன். சாப்பிட்டதும் விட்டேன். தரையை முகர்ந்துகொண்டே வட்டமடிக்க ஆரம்பித்தால் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருந்தாலும் எழுந்து ஓடினேன். சீக்கிரமே கற்றுக்கொண்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது கற்றுக்கொண்டது இடத்தை அல்ல, தாளை. மாமியார் தரையில் தாளை விரித்துக் கீரை ஆய உட்கார்ந்தால் கீரையின் மேலேயே போனது. யாரோ வைத்துவிட்டுப் போன கல்யாணப் பத்திரிகை சோபாவிலிருந்து கீழே விழுந்தது, அதன்மேலும் போனது.

தாளைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி மொட்டைமாடி வரைக்கும் கொண்டுபோக வேண்டும் என்று காணொளியில் சொன்னார்கள். நான் காலையில் படிக்கட்டின் மேல்முனையில் ஒரு தாளை வைப்பேன். குளித்துவிட்டு வருவதற்குள் அது இருக்காது. மாமியார் எடுத்து நாலாக மடித்துப் பழைய பேப்பர் கட்டில் சேர்த்திருப்பார்.

"அத்தை, அது நாய்க்கு வச்சது."

"பேப்பரு கீழ கெடந்துச்சு, எடுத்து வச்சேன்."

"கீழ கிடக்கணும்னுதான் அத்தை வச்சேன்."

"அப்டியா?" என்பார். மறுநாளும் எடுத்து வைப்பார்.

எப்படியோ மொட்டைமாடி அதற்குப் பழகியது. அடுத்தது உட்காரச் சொல்வது. நான் மதுரைப் பக்கம், எனக்கு வாயில் வந்தது "உக்காரு". கணவர் "குந்து" என்றார். மாமியாரும் "குந்து"தான், ஆனால் அவர் அதை நாயிடம் மட்டுமல்ல, எல்லோரிடமும் சொல்வார். வீட்டுக்கு வருகிறவர்களை அவர் "வா, குந்து" என்று உபசரிக்கும்போதெல்லாம் நாய் அவர்களுக்கு முன்னால் போய் உட்கார்ந்து பிஸ்கட்டுக்கு நாக்கை நீட்டியது. ஒரே சொல்லை வைத்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசினேன். சரி சரி என்றார்கள். அன்று சாயங்காலமே கணவர் "சிட், சிட்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டால், "அதுதான் எல்லா நாய்க்கும் புரியுமாமே," என்றார்.

சாப்பிடும்போது தட்டருகே வரக்கூடாது என்று பழக்கினேன். நான் பார்க்காதபோது மாமியார் தட்டிலிருந்து ஒரு உருண்டை சோறு கீழே போகும். "வாயில்லா ஜீவன். பாத்துகினே கீதே, எப்டி முழுங்கறது?" நாயே வேண்டாம் என்றவர்தான் இப்படி.

கணவர் இதற்கு நடுவில் அதற்குக் கைகொடுக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டார். ஒரே ஞாயிற்றுக்கிழமையில், கோழிக்கறித் துண்டுகளை வைத்து. உறவினர்கள் வந்தால் அது முன்னங்காலைத் தூக்கி நீட்டும். அவர்கள் கைதட்டுவார்கள். "நல்லா பழக்கி வச்சிருக்கீங்க மச்சான்!" என்று அவர் முதுகில் தட்டுவார்கள். அவர் சிரிப்பார். மூத்திரத் துணியைப் பிழிந்து பிழிந்து தோல் உரிந்த விரல்களோடு நான் காபி கொண்டுவந்து வைப்பேன்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. எங்கள் வீடு ரயில்வே ஸ்டேஷனிலிருந்து ஜிஎஸ்டி நெடுஞ்சாலைக்குப் போகும் தெருவில் இருக்கிறது. ஒவ்வொரு லோக்கல் வண்டி வந்து நின்றதும் பைக்கும் ஷேர் ஆட்டோவும் தண்ணீர் லாரியுமாகத் தெரு நிரம்பிவிடும். வீட்டு வாசல் கேட் திறந்த நேரத்தில் இது ஓடினால் நிறுத்த ஒரு சொல் வேண்டும். "இரு" சரிப்படாது, போனில் நாங்கள் நாள் முழுக்க "ஒரு நிமிஷம் இரு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். வீட்டில் யாருமே பேச்சில் பயன்படுத்தாத ஒரு சொல்லாகத் தேடி, பள்ளிக்கூட அணிவகுப்பில் கேட்ட "நில்" என்பதை எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலங்களில் மொட்டைமாடியில், துணிக்கொடிகளுக்கு நடுவே, உள்ளங்கையைக் காட்டி "நில்" என்பேன். அது ஓடிவந்து உள்ளங்கையை நக்கும். மறுபடி தண்ணீர்த் தொட்டியோரம் கொண்டுபோய் விடுவேன். "நில்." ஒரு அடி பின்னால் வைப்பேன், அதுவும் கூடவே வரும். நின்றால் ரொட்டித் துண்டு கொடுக்க வேண்டும். நின்றால்தானே? ரொட்டியைச் சட்டைப்பையில் வைத்தால் பையை முட்டியது, கைப்பிடிச் சுவர்மேல் வைத்தால் அதையே பார்த்துக்கொண்டு நின்றது. பக்கத்து மாடியில் வற்றல் காயப்போடும் பெண் என்னையே வேடிக்கை பார்ப்பாள். கோடை முழுக்க இப்படிப் போனது. சில நாட்கள் எனக்கு அழுகையே வந்திருக்கிறது. "நாய்க்கிட்ட இன்னாத்துக்கு இவ்ளோ கஷ்டப்படறே?" என்று கணவர் படியில் நின்று கேட்பார். நான் நாயை மறுபடி தொட்டியோரம் கொண்டுபோய் விடுவேன்.

ஒரு சாயங்காலம் கீழ் வீட்டுக்கு சிலிண்டர் வந்தது. கேட்டைத் திறந்துபோட்டுவிட்டார்கள். நான் மேலே கதவைத் திறந்து துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கால்களுக்கு நடுவே புகுந்து நாய் படியிறங்கி ஓடியது. நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, செருப்புகூட இல்லாமல் பின்னால் ஓடினேன். நான் கேட்டைத் தாண்டுவதற்குள் அது தெருவைக் கடந்து எதிரே கோழிக்கடை வாசலில் நின்றிருந்தது. எப்படிக் கடந்தது என்று தெரியவில்லை.

என்னைப் பார்த்தது. வாலை ஆட்டியது. திரும்பி என்னிடம் ஓடிவரக் காலைத் தூக்கியது. ஸ்டேஷன் பக்கமிருந்து ஒரு தண்ணீர் லாரி வந்துகொண்டிருந்தது.

கையை நீட்டி, தொண்டை கிழிய, "நில்!" என்றேன்.

நின்றது. தூக்கிய முன்னங்காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றது. லாரி எங்களுக்கு நடுவே போனது. அதன் பின்னால் பைக்குகள். ஒவ்வொன்றும் தாண்டும்போது மறுபுறம் அதே இடத்தில் அது என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தது. அந்த நேரம் எனக்கு வந்தது பயமா சந்தோஷமா என்று இப்போதும் பிரித்துச் சொல்ல முடியாது. கையை இறக்காமல், வண்டி இடைவெளிக்காகக் காத்திருந்தேன். நான்தான் அந்தப் பக்கம் போய் அதைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். இன்னும் கொஞ்ச நேரம்தான்.

அப்போது தெருவில் நான் நின்ற பக்கத்திலேயே, சற்றுத் தள்ளி, கைதட்டும் சத்தம் கேட்டது. "டேய்! இங்க வா! வாடா, வா!"

கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கி நடந்து வந்துகொண்டிருந்த என் கணவர்.

நாய் பாய்ந்தது. ஒரு ஷேர் ஆட்டோ கிறீச்சிட்டு நின்றது, உள்ளே இருந்த பெண்கள் முன்கம்பியில் போய் மோதிக்கொண்டார்கள். சக்கரத்துக்கும் அதன் வாலுக்கும் நடுவே ஒரு கை அகலம்கூட இருந்திருக்காது. அது நேராகப் போய் அவர் சாப்பாட்டுப் பையின்மேல் தாவியது.

"நாய கட்டிப் போட மாட்டீங்களா? பேஜாரு புடிச்சவங்களா கீறீங்க!" என்று ஆட்டோக்காரர் கத்தியது என்னைப் பார்த்து. துண்டும் நைட்டியுமாகத் தெருவோரம் நின்றது நான்தானே.

கணவர் நாயைத் தூக்கிக்கொண்டு சிரித்த முகமாக வந்தார். "பாத்தியா? நான் ஒருவாட்டி கூப்ட்டேன், எப்டி ஓடியாந்துச்சு! நீயும் மாடில எத்தினி மாசமா கத்திகினு கீறே."

நான் திரும்பி கேட்டுக்குள் நடந்தேன். பேச ஆரம்பித்தால் தெருவிலேயே அழுதிருப்பேன். அது நின்றதை யாரும் பார்க்கவில்லை, சொன்னால் யாரும் நம்பப் போவதுமில்லை என்பதுதான் மற்ற எல்லாவற்றையும்விட என்னைக் குடைந்தது. மேலே வந்து, கைகழுவி, குழம்பு சூடு பண்ணினேன். பாத்திரத்தைத் தேவைக்கு மேல் சத்தமாகவே வைத்தேன் என்று நினைக்கிறேன்.

அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டே அம்மாவிடம் தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். மாமியார் பால்கனி நாற்காலியிலிருந்து எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார்.

"நான் பாத்துகினுதாண்டா இருந்தேன்," என்றார். "அது நின்னுகினு இருந்திச்சு. இவ கைய காட்டினா, அப்டியே நின்னுச்சு. லாரி போச்சு, வண்டியெல்லாம் போச்சு, அசையவே இல்ல. நீதான் கூப்ட்டே. கூப்ட்டு சாவடிக்கப் பாத்தே."

"இல்லம்மா, நான்..."

"இன்னா நொள்ளம்மா? ஆட்டோக்காரன் ப்ரேக்கு போடலேன்னா இன்னாடா ஆயிருக்கும்?"

கணவர் நாயைப் பார்த்தார். அது அவர் காலடியில் படுத்து மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. சட்டையைக் கையில் பிடித்தபடியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் சமையலறையில் அடுப்பை அணைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன். இத்தனை நாள் என் பாடங்களையெல்லாம் குலைத்துக்கொண்டிருந்த மனுஷி என் மாமியார். என் பக்கம் பேச வேறு யாரும் இருக்கவில்லை.

"இனிமே நீங்களே பழக்குங்க," என்று மட்டும் இரவுச் சாப்பாட்டின்போது கணவரிடம் சொன்னேன். கோபத்தில் சொன்னதை அவர் மெய்யாகவே எடுத்துக்கொண்டார்.

அடுத்த விடுமுறையில் நாத்தனார் வீட்டுக்குப் போனோம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரைச் சாலையை ஒட்டி அவர்கள் வீடு. சவுக்குத்தோப்பைத் தாண்டினால் கடல். நண்பரின் காரை வாங்கிக்கொண்டு போனோம், வழியெல்லாம் நாய் என் மடியில் எச்சில் ஒழுக்கியது. போய்ச் சேர்ந்ததும் கணவர் நீளக் கயிறும் ரொட்டியுமாக மணலுக்கு இறங்கினார். நானும் நாத்தனாரும் தோப்பு நிழலில் உட்கார்ந்தோம்.

"நில்!" என்றார். நாய் அவர் கையை நக்கியது. "நில்லு! டேய் நில்றா!" கயிறு அவர் காலிலேயே சுற்றியது. அது கீழே உட்கார்ந்தது, எழுந்தது, ஒரு நண்டைத் துரத்தியது, காய்ந்துகிடந்த வலைக்குள் மூக்கை விட்டது. அவர் அதை இழுத்துவந்து மறுபடி ஆரம்பித்தார். வெயில் ஏற ஏறக் குரல் கம்மியது. சட்டை முதுகோடு ஒட்டியது.

"உன் ஊட்டுக்காரருக்கு இன்னா ஆச்சு?" என்றாள் நாத்தனார், தன் அண்ணன் என்பதையே மறந்தவள் போல.

"பாடம் எடுக்கறாரு."

ரொம்ப நேரம் கழித்து அவர் திரும்பி நின்று என்னைப் பார்த்துக் கத்தினார். "எப்டிதான் நிக்க வச்சே இத்த?"

அந்தக் கேள்விக்காக நான் எவ்வளவு நாளாகக் காத்திருந்தேன் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் சொல்ல என்னிடமும் ரகசியம் ஒன்றும் இல்லை. "ரொட்டியை முன்னாடியே காட்டாதீங்க. கத்தாதீங்க. தினமும் பண்ணுங்க," என்றேன். அவர் இன்னும் ஏதோ இருக்கிறது என்பதுபோல நின்றார். பிறகு கயிற்றிலிருந்து காலை விடுவித்துக்கொண்டு மறுபடி கையை நீட்டினார்.

ஊர் திரும்பியபின் கேட்டுக்கு ஒரு நல்ல தாழ்ப்பாள் போட்டுக்கொடுத்தார். பெல்ட் இல்லாமல் நாய் படியிறங்கக் கூடாது என்று மூன்று பேரும் ஒத்துக்கொண்டோம். மொட்டைமாடிக்கு அவரும் வருகிறார், தினமும் அல்ல. நான் சொன்னால் நிற்கிறது, எதிரே பூனை இல்லாவிட்டால். அவர் சொன்னால் யோசிக்கிறது.

போன வாரம் பால் வாங்கப் போகிறேன் என்று அவர் நாயையும் கூட்டிக்கொண்டு இறங்கினார். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பெல்ட் ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மீட்டிங்கில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அதை உருவிக்கொண்டு படியில் ஓடினேன்.