கண்ணாடிக் கிண்ணம் வைத்த வடிகட்டி

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் பாசார் சந்தைக்கு விடியற்காலையில் மீன் ஏற்றிப் போகும் பழைய லோரி ஒன்றை அப்போது ஓட்டிக்கொண்டிருந்தேன். டின்னில் வரும் பெட்ரோலில் துருவும் தண்ணீரும் கலந்திருக்கும். அது கார்பரேட்டரை அடைத்து, வண்டி இரண்டு முறை வழியிலேயே நின்றுவிட்டது. மீன் முதலாளி தௌக்கே கத்தவில்லை. இன்னொரு தடவை தாமதமானால் என் சவாரியைப் பிரிக்பீல்ட்ஸ்காரருக்கே கொடுத்துவிடுவதாக மட்டும் சொன்னார். பிரிக்பீல்ட்ஸ் பக்கத்து ஆளான அவரும் அதே பாதையில் மீன் ஏற்றுபவர். வாய் ஓயாதவர். எனக்கோ நாலு பேர் முன்னால் பேச வராது.

பெட்ரோல் குழாயில் மாட்ட வடிகட்டி வாங்கப் போனேன். கடையில் இரண்டு வகை இருந்தது. ஒன்றில் பித்தளை வலையும் அடியில் கண்ணாடிக் கிண்ணமும். மற்றொன்றில் கெட்டியான கம்பளித் துணி. எது நல்லது என்று கேட்கக் கூச்சம். வீட்டில் குடிநீரைக்கூட வேட்டித் துணியை நாலாக மடித்துத்தான் வடிப்போம். நெருக்கமாக இருந்தால்தான் சுத்தம் என்று நினைத்துக் கம்பளியை வாங்கினேன். அதோடு விட்டேனா? உள்ளே வேட்டித் துணியும் இரண்டு மடிப்பு வைத்தேன்.

மறுநாள் பத்து தீகா என்ற ஊரைத் தாண்டி ஒரு மேட்டில் லோரி இருமியது, நின்றது. பின்னால் மீன், ஐஸ் கரைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

பின்னால் வந்த லோரியும் நின்றது. பிரிக்பீல்ட்ஸ்காரர்தான்.

"என்னண்ணே, மீனுக்கு மலைக்காத்து காட்டுறீங்களா?"

நான் வடிகட்டியைக் காட்டினேன். கழற்றிப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

"பெட்ரோலுக்கு வேட்டி கட்டி விட்டிருக்கீங்க லா! உங்க டாங்கி சீட்டுக்கு அடியில இருக்கு. இழுக்க பம்ப் கிடையாது, தானா வழிஞ்சுதான் வரணும். மேடு ஏறும்போது டாங்கி தாழ்ந்துடும். இவ்வளவு நெருக்கமான துணி வழியா எப்படி வரும்? வலை போதும். துருவும் தண்ணியும் கிண்ணத்துல தங்கும், கண்ணாலயே பார்த்துக் கொட்டிடலாம்."

தன் பெட்டியிலிருந்து கண்ணாடிக் கிண்ணம் வைத்த பழைய வடிகட்டி ஒன்றை எடுத்து அவரே மாட்டினார். முன்பக்கக் கைப்பிடியைச் சுழற்ற, லோரி ஒரே சுற்றில் கிளம்பியது. அவர் லோரியிலும் மீன் இருந்தது. பேசாமல் என்னைத் தாண்டிப் போயிருந்தால் என் சவாரி அன்றே அவருடையதாகியிருக்கும்.

பாசார் வாசலில் தௌக்கே நின்றுகொண்டிருந்தார். எனக்கு முன்னால் போன பிரிக்பீல்ட்ஸ்காரர் லோரியை ஓரம் கட்டி, என்னை முந்திப் போகச் சொல்லிக் கையசைத்தார். நான் தயங்கி நிறுத்தினேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

"அட, உள்ள போங்கண்ணே! உங்க மீன் நாத்தம் தாங்கல."

தௌக்கே மீனைத் தூக்கிப் பார்த்தார். இறக்கச் சொன்னார். அந்தச் சவாரியில்தான் என் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.