காய்ச்சல் விட்ட காலை

அடுக்குமாடித் தாழ்வாரங்களில் கறுப்பு டப்பா ஒன்று இருக்குமே, பார்த்திருப்பீர்கள். அதில் சிகரெட் சாம்பலைத் தட்டிவிட்டுப் போகிற புண்ணியவான்களும் உண்டு. ஐயா, அது கொசுப்பொறி. உள்ளே வைக்கோல் ஊறிய தண்ணீர், சுற்றிலும் பசைத்தாள். முட்டையிட வருகிற கொசு ஒட்டிக்கொள்ளும். மாடி மாடியாகப் போய், ஒட்டியதை எண்ணி, பரிசோதனைக்கு அனுப்புவது என் வேலை.

முன்பெல்லாம் வருஷக் கடைசி மழையில் ஊர் குளிர்ந்தால் கொஞ்சம் மூச்சு விடலாம். இப்போது டிசம்பரிலும் முதுகு நனைகிறது. சூடு ஏறினால் புழு சீக்கிரமே கொசுவாகிவிடும், சனியன். எந்த மாதம் திறந்தாலும் பசைத்தாளில் கூட்டம்.

என் கணவர் டாக்சி ஓட்டினார். தேக்காவில் எங்கள் அடுக்குமாடி புளோக் லிஃப்டுக்குள் நான் நுழைந்தால் போதும், "கொசு டாக்டர் வந்துட்டாங்க, எல்லாரும் கைய நீட்டுங்க" என்று அக்கம்பக்கத்தார் முன்னால் மானத்தை வாங்குவார். கடைசியில் அவருக்கே டெங்கி வந்தது. கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள், தினமும் வந்து காட்டச் சொன்னார்கள். உடம்பு அனலாகக் கொதித்தது. ஒருநாள் காலையில் தொட்டுப் பார்த்தால் நெற்றியில் சூடே இல்லை.

"விட்டுடுச்சு லா! ரசம் வை. தலைக்கு ஊத்திக்கிறேன்" என்றார்.

காய்ச்சல் விட்டால் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவதுதானே நம் வீடுகளில் வழக்கம். ஊற்றியாகிவிட்டால் நோய் போயிற்று என்று அர்த்தம். வெந்நீர் போட்டுக்கொண்டே, "கிளினிக் போக வேணாமாங்க?" என்று கேட்டேன்.

"நல்லாத்தானே இருக்கேன். அங்க போய் எதுக்குக் காத்துக் கெடக்கணும்?"

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. குளித்துவிட்டு வந்து ரசம் சோறு நாலு வாய் சாப்பிட்டார். மாதாவே, உனக்குக் கோடி நன்றி என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன்.

மதியம் போன் செய்தார், வயிறு வலிக்கிறது என்று. ஓடி வந்து பார்த்தபோது கை கால் ஐஸாகக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் என்னென்னவோ செய்து பார்த்தார்கள். போய்விட்டார்.

"குளிச்சதால இல்லம்மா. டெங்கியில காய்ச்சல் விடுற நேரந்தான் ஆபத்தான நேரம். அப்பத்தான் பக்கத்துலயே வச்சுப் பார்க்கணும்" என்றார் டாக்டர். இத்தனை வருஷமாகக் கொசுவின் காலில் டெங்கிக் கொசுவுக்குரிய வெள்ளை வரி இருக்கிறதா என்று பார்த்தவள் நான். கொசு கடித்த மனிதனை எப்போது கவனமாகப் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

விடுப்பு முடிந்ததும் பொங்கோல் வட்டாரத்துக்குப் பொறி பார்க்க அனுப்பினார்கள். ஒரு வீட்டு வாசலில் பூந்தொட்டித் தட்டில் தண்ணீர் தேங்கியிருந்தது. சொல்லிவிட்டுப் போகலாமென்று கதவைத் தட்டினேன். தமிழ்ப் பெண், இளவயது. முகமெல்லாம் சிரிப்பு.

"கொஞ்சம் இருங்கக்கா. அவருக்கு டெங்கி, இன்னைக்குத்தான் காய்ச்சல் விட்டிருக்கு. தலைக்கு ஊத்திவிட்டுட்டு வந்துடறேன்."

"தண்ணியும் வேணாம், மண்ணாங்கட்டியும் வேணாம்! இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ!"

நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அவள் புருஷன் சோபாவில் சாய்ந்தபடி, எந்தப் பைத்தியம் இது என்பதுபோலப் பார்த்தான். பார்த்தால் பார்த்துக்கொள் என்று வாசலிலேயே நின்றேன். இரண்டு பேரையும் டாக்சியில் ஏற்றிவிட்ட பிறகுதான் நகர்ந்தேன்.

அவன் பிழைத்துக்கொண்டான். வார்டில் படுக்க வைத்த பிறகுதான் நிலைமை மோசமானதாம். பக்கத்திலேயே இருந்ததால் காப்பாற்றிவிட்டார்கள்.

அடுத்த முறை அந்த மாடிக்குப் போனபோது இருவரும் வெளியே வந்தார்கள். "நீங்க மட்டும் அன்னைக்கு வரலேன்னா" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் அவள் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றான். நல்லா இருங்க என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். வயிறு எரிந்தது எனக்கு. என் கணவருக்குக் காய்ச்சல் விட்ட காலையில் என் வீட்டுக் கதவை ஒருத்தரும் தட்டவில்லையே.