ஆள்காட்டி முட்டைக்கு ஒரு சுண்ணாம்பு வட்டம்

திண்டுக்கல்லில் இருபத்திரண்டு வருடமாகப் புவியியல் நடத்தும் ஸ்டீபன்ராஜ், பனிக்கட்டியைக் கரும்புச்சாறு கடையில் மட்டுமே பார்த்தவர். ஆனாலும் தூந்திரப் பகுதி என்று ஆரம்பித்தால் மணியடித்தாலும் விடமாட்டார். மரமில்லாத அந்தத் துருவ வெட்டவெளியில் கரைப்பறவைகள் தரையில் முட்டையிடுவதையும், நரி வந்தால் வேறெங்கோ போய் அடைகாப்பதுபோல் ஏமாற்றுவதையும் மேசைக்கருகில் குந்தி நடித்தே காட்டுவார். பிள்ளைகள் சிரிப்பார்கள். பாடம் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

மே விடுமுறையில் ரெட்டியார்சத்திரத்திலிருந்து பெருமாள்சாமி போன் செய்தார். அவர் மகள் ஸ்டீபன்ராஜின் மாணவி; பறவைப் பாடத்தை வீட்டில் வந்து சொல்லியிருந்தாள்.

"சார், நம்ம தரிசுல ஆள்காட்டிக் குருவி கத்திக்கிட்டே கெடக்கு. முட்டை இருக்கும்போல, எங்கன்னுதான் தெரியல. நாளைக்கு உழவு. நீங்க இடத்தைக் காட்டிட்டா அதை மட்டும் விட்டுட்டு உழுதுக்கிறேன்."

ஆகா, தூந்திரமே தேடி வந்துவிட்டது! காலை ஏழு மணிக்கே மடக்கு நாற்காலி, பைனாகுலர், விளையாட்டு விழாவில் மிஞ்சிய சுண்ணாம்புப் பொடி சகிதம் தரிசில் உட்கார்ந்துவிட்டார். குருவி தலைக்கு மேலே கத்தித் தீர்த்தது. ஒன்பதரைக்குத் தூரத்தில் போய் அடக்கமாக உட்கார்ந்தது. ஓடிப்போய் அதைச் சுற்றிப் பெரிய வட்டம் போட்டார். குனிந்து பார்க்கக்கூடத் தோன்றவில்லை. நாற்காலிக்குத் திரும்பி, வெற்றி வீரனாக டிராக்டருக்குக் கை காட்டினார்.

டிராக்டர் வட்டத்தை ஒட்டிப் போனது. குருவி கண்டுகொள்ளவே இல்லை. டிராக்டர் நாற்காலிப் பக்கம் திரும்பியதும்தான் குருவி சிறகை விரித்து அதன் மேலேயே பாய்ந்தது. பெருமாள்சாமி நிறுத்தி இறங்கி வந்தார்.

"சார், அசையாதீங்க."

நாற்காலியின் பின்னங்காலுக்கு ஒரு சாண் தள்ளி, மண்ணோடு மண்ணாக நான்கு முட்டைகள். நரிக்குச் செய்கிற வித்தையைக் குருவி ஸ்டீபன்ராஜுக்கே செய்திருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. மூன்று மணி நேரமாகத் தாயை அண்டவிடாமல் முட்டைகளை வெயிலில் வேகவைத்திருக்கிறாரே, பாவி மனுஷன்!

"இப்ப என்ன செய்யணும் பெருமாள்சாமி? குடை பிடிக்கவா?"

"நீங்க வீட்டுக்குப் போகணும் சார்."

போனார். ரோட்டிலிருந்து திரும்பிப் பார்த்தபோது, வாய்க்காலில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து, முட்டைகளின் சூடு தணியக் குருவி அவற்றின் மேல் உட்கார்ந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பதினாறாம் நாள் மறுபடியும் போன்.

"நாலும் பொரிச்சிருச்சு சார்! வந்து பாக்குறீங்களா?"

பார்க்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பைனாகுலரைக்கூடக் கையில் எடுத்துவிட்டார்.

"வேணாம் பெருமாள்சாமி, நான் வரல" என்றார். "அதுக நல்லா இருக்கட்டும்."