இரண்டாவது கான்

படலைக்கு வெளியே நின்று பேனையை உதறுவார் அமராவதியக்கா. உதறினால்தான் அது எழுதும். "வீட்டில எத்தினை பேர்?" என்று கேட்பார். கண் மட்டும் உள்ளே போகாது. ஐந்து என்றால் ஐந்து பெயரையும் எழுதுவார். முற்றத்தில் இரண்டு பேர்தானே நிற்கிறார்கள் என்று யாராவது பகிடி விட்டால், "தலை எண்ண நான் ஆடு வாங்கவே வந்தனான்?" என்பார்.

முல்லைத்தீவுக் கடலில் எண்ணெய் தேடும் கம்பனி கரையிலுள்ள ஊருக்கு நல்லது செய்கிறதாம். வலை போடும் கடலில் கொஞ்சத்தை எடுத்துக்கொண்டு, பதிலுக்குக் குடிக்கத் தண்ணீர். கிணறெல்லாம் உவர் என்பதால் ஊரும் வாங்கிக்கொண்டது. செவ்வாய்க்கிழமை தண்ணீர்ப் பவுசர் வரும். ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் கான். பெயர் எழுதுவது அமராவதியக்கா. கம்பனி கொடுத்த மஞ்சள் தொப்பிக்குள் அவருடைய தலைபோல் இரண்டு போகும்.

பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். ஊரில் நடமாடுவது நூற்று நாற்பது. மிச்சப்பேர் கடைசிச் சண்டையில் காணாமற் போனவர்கள். அவர்களின் கான்களும் நிரம்பி வாசல்களில் நிற்கும். ஒருவரும் தொடுவதில்லை. அடுத்த செவ்வாய் பார்த்தால் எல்லாம் வெறுங்கான். வெயில் குடித்துவிட்டது என்று ஊர் சொல்லும். இறுக்கி மூடிய கானுக்குள் வெயில் எந்த வழியால் போனது என்று ஊர் கேட்பதில்லை.

அமராவதியக்கா வீட்டில் இரண்டு கான். இரண்டாவது, மகன் சுமனுக்கு. அதன் பக்கத்தில் தண்ணீர் குடிக்கும் பேணியைக் கவிழ்த்து வைப்பார். சில காலைகளில் அது நிமிர்ந்திருக்கும். கழுவி மறுபடி கவிழ்ப்பார். ஒருநாள் மட்டும் முணுமுணுத்தார்: "சின்னனிலயும் உவன் குடிச்ச பேணியைக் கவிழ்க்கமாட்டான்."

போன கிழமை கம்பனிக் கந்தோரிலிருந்து கிருசாந்தன் வந்தான். வவுனியாப் பெடியன், மரியாதையானவன். பட்டியல் பிழையென்றால் ஊருக்கே பவுசரை நிறுத்திவிடுவார்கள், இல்லாத ஆட்களை வெட்டினால் மற்றவர்களுக்குத் தண்ணீர் தொடர்ந்து வரும் என்றான். முற்றத்துக் கதிரையில் இருக்கப் போனவனை, "அதில வேண்டாம் தம்பி," என்று மறித்து, வேறொன்றை இழுத்துப் போட்டார்.

"உங்கட வீட்டில இருந்தே தொடங்குவம், அம்மா. இஞ்ச ஒராள்தானே?"

அமராவதியக்கா அந்த வெறுங்கதிரையைப் பார்த்தார்.

"ஓம். ஒராள்தான்."

பேனையை உதறினார். பட்டியலில் சுமனின் பெயரை அப்படியே விட்டுவிட்டு, தன் பெயரின் மேல் மெதுவாக, நேராக, ஒரு கோடு இழுத்தார்.