கராஜில் கொதித்த சூப்

ஆலன் நகரில் எங்கள் வீட்டு கராஜில் போன வாரம் காருக்கு இடமில்லை. கார் டெக்சஸ் வெயிலில் காய, உள்ளே ஒரு மின்னடுப்பில் மாட்டிறைச்சியும் கடல்பாசியும் கொதித்தன. இந்தக் குடியிருப்பின் விதிகளைக் கடைசிப் பக்கம்வரை படித்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கராஜில் சூப் கூடாதென்று எங்கும் இல்லை.

மருமகள் சூஜின் கொரியக் குடும்பத்துப் பெண். பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். எங்கள் பேத்தியைப் பெற்று வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளை பெற்றவள் வாரக்கணக்கில் மியோக்குக் என்ற இந்தச் சூப்பைக் குடிக்க வேண்டும், அவள் அம்மாதான் வந்து வைத்துத் தர வேண்டும் என்பது அவர்கள் முறை. என் மனைவியோ சுத்த சைவம். "அவ குடிக்கட்டும், வேண்டாங்கல. என் அடுப்புல மட்டும் ஏத்தாதீங்க" என்றாள். கராஜ் என் யோசனை. தலைமைச் செயலகத்தில் காலமெல்லாம் கோப்பு எழுதியவனுக்கு இரு தரப்பும் மறுக்க முடியாத குறிப்பு எழுதத் தெரியாதா?

புல்வெட்டும் இயந்திரத்துக்கும் பெயின்ட் டப்பாக்களுக்கும் நடுவே நின்று சம்பந்தியம்மாள் சில நாள் கிளறினார். ஒரு காலையில் மகளையும் பேத்தியையும் அருகே கேரல்ட்டன் ஊரில் உள்ள தன் வீட்டுக்கு அழைத்துப்போய்விட்டார்.

குரோம்பேட்டையில் என் மகன் கார்த்திக் பிறந்தபோது மாமியார் வந்து எங்கள் சமையலறையைக் கைப்பற்றினார். தினமும் பூண்டுக்குழம்பு. பூண்டே தொடாத என் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாளே தவிர, அடுப்பை வெளியே வை என்று சொல்லவில்லை. இதை மனைவிக்கு நினைவூட்டினேன். "பூண்டும் மாடும் ஒண்ணா?" என்றாள். அத்துடன் என் மேல்முறையீடு தள்ளுபடி.

நேற்று மருமகளை அழைத்து வரப் போனேன். போனதும் சம்பந்தியம்மாள் என் முன் ஒரு கிண்ணம் வைத்தார். பிஸ்கட் வாங்கினாலும் பொடி எழுத்தைப் படிப்பவன் நான். "மீட்?" என்று முறைப்படி விசாரித்தேன். "நோ மீட், நோ மீட்" என்றார். மூன்று ஸ்பூன் குடித்தேன். நன்றாகவே இருந்தது. அப்புறம் அவர் பெருமையோடு இன்னொரு தட்டைக் காட்டினார். எனக்காகப் பொறுமையாகப் பொறுக்கி எடுத்த இறைச்சித் துண்டுகள்.

ஸ்பூனைக் கீழே வைத்தேன். சூஜின் கோபப்படவில்லை. குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு ஆங்கிலத்தில் சொன்னாள். "நீங்க ஸ்பூனக் கீழ வெச்சதுல தப்பில்ல, மாமா. ஆனா என்னால வைக்க முடியாது. எங்கம்மாவ மறுபடி கராஜ்ல நிக்க வைக்கவும் முடியாது." அவள் என்னோடு வருவதாக இல்லை. சமையலறை என் அதிகாரத்தில் இருந்ததுமில்லை.

புறப்படும்போது சம்பந்தியம்மாள் கார்த்திக்குக்குக் கொடுங்கள் என்று ஒரு பெரிய டப்பா சூப்பை நீட்டினார். வாங்காமல் இருக்க முடியவில்லை. சிந்தாமலிருக்க, மருமகள் உட்கார்ந்து வந்திருக்க வேண்டிய இருக்கையில் வைத்து பெல்ட் போட்டேன். வீட்டு வாசலுக்கு வந்தும் இஞ்சினை அணைக்கவில்லை. உள்ளே கொண்டுபோக முடியாது, கொட்டவும் மனமில்லை. ஜன்னல் திரையை விலக்கி மனைவி காருக்குள் எட்டிப் பார்த்தாள், யார் வந்திருக்கிறார்கள் என்று.