வீட்டில் எப்படி இருக்கிறார்

மறதி நோய்க்குப் புதிய மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கிறார்கள், அடையாறில் ஓர் ஆராய்ச்சி மையத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று நைனாவைப் பார்த்துவந்த டாக்டர்தான் சொன்னார். அதற்கும் தகுதி உண்டாம். நோய் இருக்க வேண்டும், ஆனால் ஆரம்ப நிலையில் இருக்க வேண்டும். முற்றியவர்களுக்குக் கொடுத்துப் பயனில்லையாம். இருக்கிற மாத்திரைகளால் எதுவும் நின்றபாடில்லை. இதையாவது விடக்கூடாது என்று நான் பிடித்துக்கொண்டேன்.

எனக்கே வயது அறுபதை நெருங்குகிறது. சர்க்கரை, முழங்கால் வலி எல்லாம் வந்தாகிவிட்டது. கொட்டிவாக்கத்திலிருந்து ராயப்பேட்டைக்குப் போய், நைனாவையும் அம்மாவையும் ஏற்றிக்கொண்டு அடையாறு வந்து சேர்வதற்குள், முதலில் எனக்கு யாராவது ஒரு மருந்து கண்டுபிடித்தால் தேவலை என்றிருக்கும்.

முதல் தடவை போனபோது நைனாவிடம் ஓர் இளம்பெண் கேள்விகள் கேட்டாள். கடிகாரம் வரையச் சொன்னாள். வட்டம் போட்டு, எண்களை எழுதி, முட்களைப் போடாமல் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். இன்றைக்கு என்ன கிழமை என்றதற்கு, "கடைய வுட்டப்புறம் எல்லா நாளும் ஞாயித்துக்கிழமதாம்மா" என்றார். இரும்பு சாமான் கடையில் வாடிக்கையாளர்களைச் சமாளித்த வாய் அது. அந்தப் பெண் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். மதிப்பெண் குறைவுதான், ஆனால் சேர்த்துக்கொள்ளும் அளவுக்குள் வந்திருந்தது.

அடுத்து, கூட வசிப்பவரிடம் கேட்க வேண்டுமாம். நான் வாயைத் திறந்தேன். "நீங்க அவரோட ஒரே வீட்ல இருக்கீங்களா சார்?" என்றாள். இல்லை. அதனால் என் பேச்சு செல்லாது. அம்மாவின் பக்கம் திரும்பி, "வீட்ல எப்படி இருக்கார்மா?" என்று கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்காரு."

சாப்பாடு? அவரே சாப்பிடுகிறார். குளியல்? அவரே குளிக்கிறார். வழி தெரியாமல் போனதுண்டா? சேச்சே. எல்லாவற்றுக்கும் அம்மா இப்படியே சொல்லிக்கொண்டு போனாள். நைனா பக்கத்து நாற்காலியில் பெருமையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் பெரிய டாக்டர் வந்து, "டெஸ்ட் ஒண்ணு சொல்லுது, அம்மா ஒண்ணு சொல்றாங்க. ரெண்டும் ஒத்துப்போகல சார். வீட்ல பிரச்சினையே இல்லேன்னா நாங்க சேர்க்க முடியாது. இன்னொரு தடவ கேட்டுப் பாக்கறோம்" என்றார்.

வீட்டுக்குப் போனதும், நைனா கண்ணயர்ந்த பிறகு, அம்மாவைப் பிடிபிடியென்று பிடித்தேன். உண்மையைச் சொல்வதில் உனக்கு என்ன கஷ்டம், இதற்கா நான் லீவு போட்டு அலைகிறேன் என்றெல்லாம் கத்தினேன்.

"அவரு பக்கத்துல உக்காந்துகினு இருக்காரு. அவர வெச்சுகினே இன்னாடா சொல்லச் சொல்ற?" என்றாள் அம்மா. குரலைக்கூட உயர்த்தவில்லை.

அடுத்த தடவை அம்மாவைத் தனி அறையில் உட்காரவைக்கும்படி நானே கேட்டேன். நைனாவுக்கு வெளியே டீ கொடுத்து ஒருவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தார். பயமாக இருக்கிறது என்று அம்மா சொன்னதால் நானும் உள்ளே இருந்தேன். "ஒண்ணு வுடாம சொல்லும்மா" என்றேன்.

அம்மா சொன்னாள். குளிப்பாட்டிவிடுவது அவள்தான். சட்டைப் பொத்தான் போட்டுவிடுவதும் அவள்தான். சோற்றைப் பிசைந்து கையில் கொடுத்தால்தான் சாப்பிடுகிறார். வாசலில் உள்பக்கம் பூட்டு. சமைக்கும் நேரம் தவிர கேஸ் சிலிண்டரை மூடியே வைத்திருக்கிறாள்.

"அப்புறம், வெளக்கு வெக்கிற நேரத்துல என்னத் தெரியாது அவருக்கு. 'யாரும்மா நீ, உன் வூட்டுக்குப் போ, என் சம்சாரம் வந்தா தப்பா நெனைப்பா'ம்பாரு. சரிங்க, போறேன்னு வெளிய வந்து மாடிப்படியில உக்காந்துப்பேன். கொஞ்சம் கழிச்சு உள்ள போனா, 'எங்க போய்ட்ட, உன்னத் தேடிகினு இருந்தேன்'ம்பாரு."

"இது எவ்ளோ நாளாம்மா?"

"போன வருஷம் மழைக்கு முன்னாடியே."

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டாள். ஞாயிறுதோறும் காலையில் போய், ஒரு காப்பி குடித்து, நைனா அடிக்கும் ஜோக்குக்குச் சிரித்து, பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டு திரும்பியிருக்கிறேன். மாடிப்படியில் உட்கார்ந்தவள் ஒரு தடவைகூட எனக்கு போன் செய்ததில்லை.

பெரிய டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டார். "அம்மா சொல்றத வெச்சுப் பாத்தா, அப்பா ஆரம்பக் கட்டத்தத் தாண்டிட்டாரு சார். எங்களால எடுக்க முடியாது" என்றார். தன்மையாகத்தான் சொன்னார். அவர்மேல் கோபப்பட ஒன்றுமில்லை, ஆனாலும் கோபம் வந்தது. அப்புறம் அதுவும் அடங்கி, உடம்பெல்லாம் அசதியாக இருந்தது.

காரில் நைனா முன்சீட்டில் உட்கார்ந்தார். பின்சீட்டிலிருந்த அம்மாவிடம் விஷயத்தை மெதுவாகச் சொன்னேன்.

"கொஞ்சம் கொறச்சு சொல்லியிருந்தா சேத்துகினு இருப்பாங்களாடா?"

இருப்பார்கள். ஒன்று விடாமல் சொல்லச் சொன்னது நான்தான்.

"இல்லம்மா. எப்படிச் சொல்லியிருந்தாலும் எடுத்திருக்க மாட்டாங்க" என்றேன்.

நைனா என் பக்கம் திரும்பினார். "ஆசுபத்திரியா அது? யாருக்குடா உடம்பு சரியில்ல?"

அம்மாதான் சொன்னாள். "எனக்குத்தாங்க. லேசா தல சுத்தல்."

நைனாவின் முகம் மாறிவிட்டது. கஷ்டப்பட்டு உடம்பைத் திருப்பி அவளைப் பார்த்தார். பிறகு என் தோளைத் தொட்டார். "நல்ல டாக்டராண்ட காட்டுடா இவள. இவள வுட்டா எனக்கு யாரு கீறாங்க?"

"சரி நைனா" என்றேன்.