முருகனும் ஏரியலும்

எண்பதுகளில் சாலாக் செலாத்தானில் எங்கள் வரிசையில் எல்லா வீட்டிலும் டிவி இருந்தது. ஒழுங்கான படம்தான் கிடையாது; திரையில் மழை கொட்டும். அந்த மழையை நிறுத்தும் வித்தை எனக்குத் தெரியும் என்று ஒரு நினைப்பு. ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். ஆனால் ஏரியலைத் தொட்டுவிட்டால் இன்ஜினியர்.

அந்தத் தீபாவளிக் காலையில், என் மகளின் பள்ளிப் பாட்டுக்குழு முன்பே பாடிப் பதிவு செய்த முருகன் பாட்டு டிவியில் வரவிருந்தது. நடுவில் ஒரு வரி அவள் மட்டும் தனியாகப் பாடியிருந்தாள். வீட்டில் பதிவு செய்துவைக்க வீடியோ இல்லை. அப்போது பார்த்தால் உண்டு, விட்டால் போச்சு. நானோ கோயிலில் கண்டவரையெல்லாம், "நம்ம வீட்டுக்கு வாங்க, படம் கண்ணாடி மாதிரி இருக்கும்" என்று அழைத்துவிட்டேன்.

டிவி மேலிருந்த ஏரியலில் சட்டை மாட்டும் கம்பியைக் கட்டி, அலுமினியத் தாளைச் சுற்றி, பின்னால் பிஸ்கட் டின் மூடியை நிறுத்தினேன். படம் பளிச்சென்று வந்தது. எல்லாம் அவன் அருள் என்று பக்கத்துச் சாமி மேடையில் முருகன் படத்தின் சுவிட்சைப் போட்டுக் கும்பிட்டுவிட்டு, வந்தவர்களை வரவேற்க வாசலுக்குப் போனேன். பிரிக்பீல்ட்ஸில் ஆசையாய் வாங்கிய படம் அது. தலைக்குப் பின்னால் விளக்கெரிய, ஒளிவட்டம் மோட்டாரில் சுற்றும்.

எல்லாரும் முறுக்கோடு உட்கார்ந்தபோது திரை முழுக்கக் கறுப்புக் கோடுகள். கம்பியை வளைத்தேன், மூடியைத் திருப்பினேன். கடைசியில் பூஜைத் தாம்பாளத்தை ஏரியலுக்குப் பின்னால் தூக்கிப் பிடித்தேன்.

"என்ன அண்ணே, டிவிக்கு ஆரத்தியா? கற்பூரம் எங்க லா?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

பாட்டு தொடங்கிவிட்டது. குரல்கள் கரகரத்தன. நான் வாய்க்குள் முருகா முருகா என்றேன்.

"ஏங்க, அந்தச் சக்கரத்த நிப்பாட்டுங்க. அதனாலதான் கோடு ஓடுது" என்றாள் மனைவி.

"தீபாவளி அன்னிக்குச் சாமி விளக்க அணைக்கவா? என்ன பேச்சு பேசுற நீ!"

"அண்ணே, முருகனுக்கும் பாப்பா பாட்டு கேக்கணும்ல? நீங்கதான் குறுக்க நிக்கிறீங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். மகள் மட்டும் சிரிக்கவில்லை. புதுப் பாவாடையை இறுக்கிப் பிடித்தபடி, "அப்பா, அடுத்தது என் வரிப்பா" என்றாள்.

தாம்பாளத்தைக் கீழே போட்டேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு, "மன்னிச்சிருப்பா முருகா" என்று சாமி படத்தின் பிளக்கைப் பிடுங்கினேன்.

கோடுகள் போயின. திரையில் மகளின் முகம், நெற்றியில் திருநீற்றோடு. அந்த வரியைப் பிசிறில்லாமல் பாடினாள். இங்கே அவளோ வெட்கத்தில் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"பாத்தீங்களாப்பா?"

"பாத்தேம்மா."

பாதிதான் பார்த்தேன். மீதியைக் கண்ணீர் மறைத்துவிட்டது. அதைச் சரி செய்ய என்னிடம் கம்பியும் இல்லை, மூடியும் இல்லை.